விரல் தேய்ந்தவன் கேட்கிறேன்

நவம்பர் வந்தால் நாம் உயிரோடு இருப்பதை நிரூபிக்க வேண்டும், பென்ஷன்காரர்களுக்குத் தெரியும். 2014-ல் கைரேகை வைத்து டிஜிட்டல் ஆயுள் சான்று எடுக்கும் முறை வந்தபோது சந்தோஷப்பட்டேன். போனேன். பத்து விரலையும் வைத்துப் பார்த்தார்கள். ஒன்றும் பதியவில்லை. முப்பத்தைந்து வருடம் லேத்தில் தேய்ந்த விரல் எப்படிப் பதியும்? "உங்க ரேகை இல்ல சார்" என்றான் அந்தப் பையன், என்னவோ நான் தொலைத்துவிட்டது போல.

எங்கள் பட்டறையில் புதிதாக ஒரு ஜிக் செய்தால், அதில் வேலை செய்யப்போகிறவன் கையில்தான் முதலில் கொடுப்போம். "இடது கை இடிக்குதுண்ணே" என்பான். தேய்த்துக் குறைத்து மறுபடி கொடுப்போம். மூன்று முறை, நான்கு முறை கூட நடக்கும். அதில் யாருக்கும் கௌரவக் குறைச்சல் இல்லை.

முகத்தைக் காட்டினால் போதும் என்ற வசதி 2021-ல்தான் வந்தது. நல்ல வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் அதற்கு ஏழு வருடமா? ஆரம்பத்திலேயே பத்துக் கிழவர்களைக் கூப்பிட்டு விரல் வைக்கச் சொல்லியிருந்தால் ஒரே காலையில் தெரிந்திருக்குமே!

"பெரியவங்களுக்கு டெக்னாலஜி வராது" என்று இனி சொல்லாதீர்கள். அடுத்து எதைச் செய்தாலும் பாதியிலேயே எங்களிடம் காட்டுங்கள். காபி கூட வேண்டாம், நடந்தே வருகிறோம்.