18-ல் 3: கடைசி இலைக்குச் சோறு எப்போது?

கட்டபொம்மனின் பாஞ்சாலங்குறிச்சியை அறியாத தமிழர் உண்டா? ஒட்டப்பிடாரம் அருகே கரிசல் மண்ணில் உள்ள சிற்றூர் அது. 1799-ம் ஆண்டு அக்டோபர் 16-ந்தேதி கட்டபொம்மனை வெள்ளையர்கள் கயத்தாற்றில் தூக்கிலிட்டார்கள். பின்னர் கோட்டையையும் தரைமட்டம் ஆக்கினார்கள். இன்று அங்கே நிற்பது 1974-ல் அரசு கட்டிய நினைவுக் கோட்டை.

அந்தப் போரில் ரத்தம் சிந்தியது ஒரு சாதி மட்டுமா? இல்லை. கட்டபொம்மன் கம்பளத்து நாயக்கர். தளபதி வெள்ளையத்தேவன் மறவர். மற்றொரு தளபதி சுந்தரலிங்கம், கவர்ணகிரியில் பிறந்த தேவேந்திரகுல வேளாளர்.

அன்று ஒன்றாக நின்று போரிட்டார்கள். பின்னால் வந்தவர்களோ பெயர்ப் பலகைக்காக மோதிக்கொண்டார்கள்! 1997-ல் விருதுநகரில் தொடங்கிய அரசுப் போக்குவரத்துக் கழகத்துக்குச் சுந்தரலிங்கம் பெயர் சூட்டப்பட்டது. தென் மாவட்டங்களில் கலவரம் மூண்டது. கடைசியில் எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும், எல்லா மாவட்டங்களிலிருந்தும் தலைவர்களின் பெயர்களை அரசு நீக்கிவிட்டது.

பெயருக்கே இந்தப் பாடு. சோறு போடும் வேலைக்கு?

வானம் பார்த்த பூமி

கோவில்பட்டிச் சீமையில் ஆற்றுப் பாசனம் இல்லை. மழை பெய்தால் பருத்தி, கம்பு, உளுந்து. பெய்யாவிட்டால் தீப்பெட்டி ஆலை, பட்டாசு ஆலை, கூலி வேலை. ஆகவே மாதம் தவறாமல் சம்பளம் தரும் அரசாங்க உத்தியோகம் இங்கே பெரும் பாக்கியம். ஒரு வீட்டில் ஒருவருக்கு அது கிடைத்தால், அடுத்த தலைமுறை பள்ளிக்கூடம் போகும், கடன் அடையும், ஓட்டு வீடு மாடி வீடாகும். வேலையில் இட ஒதுக்கீடு பற்றி இவ்வளவு சூடாக வாதம் நடப்பது அதனால்தான்.

12-ல் 1

இது இன்று நேற்றுத் தோன்றிய வாதம் அல்ல. சென்னை மாகாணத்தில் நீதிக்கட்சி ஆட்சி 1921-ல் வகுப்புவாரி உத்தரவு போட்டது. அது சரிவர நடைமுறைக்கு வரவில்லை. அமைச்சர் முத்தையா முதலியார் காலத்தில்தான் உயிர் பெற்றது. 12 இடங்கள் இருந்தால் பிராமணர் அல்லாத இந்துக்களுக்கு 5, பிராமணருக்கு 2, முஸ்லிம்களுக்கு 2, கிறிஸ்தவர் மற்றும் ஆங்கிலோ இந்தியருக்கு 2 என்று பிரித்தார்கள். தாழ்த்தப்பட்டவர்களுக்கு எத்தனை? ஒன்றே ஒன்று!

1951-ல் சுப்ரீம் கோர்ட்டு அந்த உத்தரவு செல்லாது என்றது. தமிழ்நாட்டில் கிளர்ச்சி எழுந்தது. அதே ஆண்டு இந்திய அரசியல் சட்டத்தில் முதல் திருத்தம் வந்தது.

இன்று தமிழ்நாட்டில் ஒதுக்கீடு நூற்றுக்கு 69. பிற்படுத்தப்பட்டோருக்கு முஸ்லிம்களையும் சேர்த்து 30, மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கும் சீர்மரபினருக்கும் 20, பட்டியல் சாதியினருக்கு 18, பழங்குடியினருக்கு 1.

18-ல் 3

இந்த 18-க்குள்தான் இப்போது வழக்கு.

பட்டியல் சாதியினர் ஒரே சாதி அல்ல. பல சாதிகள் சேர்ந்த தொகுப்பு. அதில் அருந்ததியர்கள் பரம்பரையாகத் தோல் வேலைக்கும் துப்புரவு வேலைக்கும் தள்ளப்பட்டவர்கள். ஊர் குப்பையை அள்ள அவர்கள் வேண்டும். ஆபீஸ் நாற்காலியில் மட்டும் அவர்களைக் காணோம்!

பந்தியில் எல்லோருக்கும் இலை போட்டாயிற்று. ஆனால் பரிமாறுகிறவர் கடைசி இலைக்கு வருவதற்குள் பாத்திரம் காலியாகிவிடுகிறது. இதுவே அவர்களின் குறை.

நீதிபதி ஜனார்த்தனம் குழு இதை ஆராய்ந்தது. அதன்பேரில் 2009-ல் தமிழக அரசு சட்டம் செய்தது. 18-க்குள் 3 அருந்ததியருக்கு. ஆதி ஆந்திரர், அருந்ததியர், சக்கிலியர், மாதாரி, மாதிகா, பகடை, தோட்டி ஆகிய 7 பிரிவினருக்கு இது பொருந்தும்.

எதிர்ப்பு ஏன்?

மறுபக்கத்தையும் கேட்க வேண்டும் அல்லவா?

சட்டம் 3 இடங்களோடு நிற்கவில்லை. அந்த இடங்களை முன்னுரிமையாகவும் கொடுக்கிறது. ஓர் அலுவலகத்தில் பட்டியல் சாதிக்கு ஒரே ஓர் இடம் காலியானால், அது முதலில் அருந்ததியருக்குப் போகிறது. மீதி 15-லும் அவர்கள் போட்டியிடலாம். "அப்படியானால் எங்கள் பிள்ளைகள் கதி என்ன?" என்று மற்றவர்கள் கேட்கிறார்கள். கூலி வேலை செய்து பிள்ளையைப் படிக்க வைத்த அவர்களும் ஏழைகள்தானே!

ஒட்டப்பிடாரம் தொகுதியில் 1996-லும் 2011-லும் வென்ற புதிய தமிழகம் தலைவர் டாக்டர் கிருஷ்ணசாமி, இந்த உள் ஒதுக்கீட்டை எதிர்த்து வருபவர். தேவேந்திரகுல வேளாளர்களைப் பட்டியலிலிருந்தே வெளியேற்ற வேண்டும் என்பதும் அவருடைய கோரிக்கை. 2021-ல் பாராளுமன்றம் 7 பிரிவுகளுக்கு அந்தப் பொதுப் பெயரைக் கொடுத்தது. ஆனால் பட்டியலை விட்டு நீக்கவில்லை.

7 நீதிபதிகள்

2004-ல் ஆந்திர வழக்கில், பட்டியல் சாதியினரைப் பிரிக்கக் கூடாது என்று சுப்ரீம் கோர்ட்டு கூறியிருந்தது. 2024 ஆகஸ்டு 1-ந்தேதி 7 நீதிபதிகள் அதை மாற்றினார்கள். 6 பேர் "பிரிக்கலாம்" என்றார்கள். ஒருவர் மறுத்தார். அருந்ததியர் சட்டமும் பிழைத்தது.

ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. மனம் போனபடி பிரிக்கக் கூடாது. யார் பின்தங்கி இருக்கிறார்கள் என்பதற்குக் கணக்கு வேண்டும்.

ஆலை வாசல்

இத்தனை சட்டமும் அரசாங்க வாசலோடு நின்றுவிடுகிறது. தனியார் ஆலையில் வேலைக்கு ஒதுக்கீடு கிடையாது. நகராட்சித் துப்புரவு வேலையே பல ஊர்களில் ஒப்பந்தக்காரர் கைக்குப் போய்விட்டது.

தனியார் கம்பெனி சாதி பார்க்குமா? பேராசிரியர்கள் சுகதேவ் தோரட்டும் பால் அட்டிவெலும் ஒரு சோதனை செய்து 2007-ல் வெளியிட்டார்கள். பத்திரிகை விளம்பரங்களைப் பார்த்துக் கம்பெனிகளுக்கு விண்ணப்பங்கள் அனுப்பினார்கள். படிப்பு ஒன்று. தகுதி ஒன்று. பெயர் மட்டும் வேறு. முடிவு? தாழ்த்தப்பட்டவர் பெயர் இருந்த விண்ணப்பங்களுக்கு அழைப்பு குறைவாக வந்தது. முகத்தைப் பார்க்கவில்லை, பெயரைப் பார்த்தார்கள்!

அமெரிக்காவிலும் இதே வாதம். அங்கே சாதி அல்ல, நிறம். வேலைக்கு ஆள் எடுப்பதில் நிறம் பார்ப்பதை 1964-ம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. தனியார் முதலாளிக்கும் அது பொருந்தும். 1965-ல் ஜனாதிபதி ஜான்சன் இன்னொரு உத்தரவு போட்டார். அரசாங்க ஒப்பந்தக் கம்பெனிகள், ஒதுக்கப்பட்டவர்களுக்கு வாய்ப்புத் தரத் தாமாகவே முயல வேண்டும் என்றார். அந்த உத்தரவை 2025 ஜனவரியில் ஜனாதிபதி டிரம்ப் ரத்து செய்தார். "நிறமே பார்க்காதே" என்கிறது ஒரு கட்சி. "நேற்றுவரை நிறம் பார்த்து அடைத்த கதவை, நிறம் பார்க்காமல் எப்படித் திறப்பது?" என்கிறது மறுகட்சி.

நமக்கும் அதே கேள்விதான்.

வழி என்ன?

அருந்ததியர் கேட்பது சலுகை அல்ல, பங்கு. மற்றவர்கள் அஞ்சுவதிலும் நியாயம் இருக்கலாம். இருவருக்கும் பதில் சொல்ல ஒரே வழிதான் உண்டு. எந்த இலாகாவில், எந்தப் பதவியில், எந்தப் பிரிவினர் எத்தனை பேர்? இந்தக் கணக்கை ஆண்டுதோறும் அரசு பகிரங்கமாக வெளியிட வேண்டும். முன்னுரிமையால் ஒருவர் பங்கு மற்றவருக்குப் போயிருந்தால் அது தெரியும். போகாவிட்டால் சந்தேகம் தீரும்.

காலியிடங்களை நிரப்பாமல் வைத்துக்கொண்டு பங்கைப் பற்றிப் பேசுவதிலும் பயன் இல்லை. உலையில் அரிசி போட்டால்தானே பந்திக்குச் சோறு வரும்?

ஏழையும் ஏழையும் மோதிக்கொண்டால் லாபம் யாருக்கு? அதை இருவருமே யோசிக்க வேண்டும்.