சன்னலுக்கும் வாய்ப்பூட்டா?

அமெரிக்காவில், மிசௌரி மாநிலத்திலே, லடூ என்றொரு செல்வர் வாழ் சிறுநகரம். வளைகுடாப் போர் மூளவிருந்த 1990 டிசம்பரில், அவ்வூர்ப் பெண்மணி ஒருவர் தம் வீட்டு முன்புறத்தில் போர் வேண்டாமென்று பலகை நட்டார். கூடாதென்றது நகராட்சி. வழக்குத் தொடுத்துத் தடையாணை பெற்றார். மாடிச் சன்னலில் ஒரு தாளளவில் அமைதி வேண்டுமென்று எழுதி வைத்தார். புதுச் சட்டம் இயற்றி, அதற்கும் தடை விதித்தது நகராட்சி! காரணம்? ஊரழகு கெடுமாம், வீட்டு மதிப்புக் குறையுமாம்!

ஆனால், 'வீடு விற்பனைக்கு' என்ற பலகைக்குத் தடையில்லை. வீட்டை விற்கலாம், வாயைத் திறக்கலாகாது! இது அழகுணர்ச்சியா, ஆதிக்க உணர்ச்சியா?

1994-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமுகமாக அச்சட்டம் செல்லாதென்றனர். எளியோருக்கு வீட்டுப் பலகை மலிவான சாதனம், அதற்கு ஈடு கிடைப்பதரிது என்றும் தீர்ப்பிலே எடுத்துரைத்தனர்.

பணம் படைத்தவனுக்குப் பத்திரிகை விளம்பரம் உண்டு, பாட்டாளிக்கு? வாசலும் சன்னலுமே அவன் மேடை! அண்டை வீட்டாரின் உயிருக்கு ஊறு நேருமானால் சட்டம் குறுக்கிடட்டும். வெறும் கண்ணுறுத்தலுக்காக அல்ல. அழகின் பெயரால் ஆணை வந்தால், அது யார் வாயை அடைக்கிறதென்று முதலில் பாருங்கள், தோழர்களே!