நொந்து பெற்றால்தான் தாயா?

“பத்து மாதம் சுமந்து, நொந்து பெற்றவள்” என்று தாயைப் போற்றாத மேடை நம்மிடையே இல்லை. சுமப்பது இயற்கை, ஒப்புக்கொள்வோம். நோவதையும் அப்புகழுரையோடு சேர்த்துக் கட்டியவர் யார்? பல் பிடுங்க மரப்பூசி கேட்கும் ஆண்மகனை, “வலியைத் தாங்கினால்தான் நீ ஆண்பிள்ளை” என்று எவரேனும் திருப்பி அனுப்புவதுண்டா? பிரசவ அறையில் கதறுபவளிடத்தில் மட்டும், “உன் பாட்டி தோட்டத்து லயத்திலே பெறவில்லையா?” என்கிறார்கள். பெற்றார்கள்; பெறும்போது மாண்டவர்களும் உண்டு. அவர்களைச் சாட்சிக்கு அழைப்பாரில்லை.

“மலடி அறிவாளோ பிள்ளைப்பேற்று நோவை” என்பதொரு பழமொழி. பிள்ளையில்லாப் பெண்ணைக் குத்துவதற்கு இதை வழங்கும் ஆடவர், தாமும் அந்நோவை அறியாதவரே என்பதை மறந்துவிடுவது வேடிக்கையன்றோ!

இம்மடமை நமக்கு மட்டும் உரியதன்று. 1847-ம் வருஷத்தில் ஸ்காட்லாந்திலே எடின்பரோ நகரத்து வைத்தியர் ஜேம்ஸ் யங் சிம்ப்ஸன், பிரசவத்தில் முதலில் ஈதரையும் பின்னர் குளோரபாரத்தையும் உபயோகித்தார். ஏவாளுக்கு இடப்பட்ட சாபத்தை மாற்ற மனிதனுக்கு அதிகாரமில்லை என்று சிலர் எதிர்த்தனர். அவரோ அதே வேதத்தைப் புரட்டி, ஆதாமின் விலாவெலும்பை எடுக்குமுன் கடவுளே அவனை ஆழ்ந்து உறங்கவைத்ததை எடுத்துக்காட்டினார். 1853-ல் விக்டோரியா மகாராணி, லியோபோல்டு இளவரசரைப் பெறும்போது, ஜான் ஸ்னோ என்னும் வைத்தியர் கொடுத்த குளோரபாரத்தை முகர்ந்தார். அதன்பின் எதிர்ப்பு மெள்ளத் தணிந்தது. அரண்மனை வாயிலில் சாபமும் செருப்பைக் கழற்றிவிடும் போலும்!

குளோரபாரம் வழக்கொழிந்து நெடுங்காலமாயிற்று. இன்று இருப்பவை வேறு. நைட்ரஸ் ஆக்சைடும் பிராணவாயுவும் சரிபாதி கலந்த வாயுவை, வலி எழும்போது தாய் தானே பிடித்து முகரலாம். விட்டால் சிறிது நேரத்தில் தெளிந்துவிடும். பெத்திடின் ஊசி உண்டு. அது தூக்கமும் குமட்டலும் தரும், பிள்ளை பிறக்கும் தறுவாயில் போட்டால் அதன் மூச்சு மந்தமாகவும் கூடும். எல்லாவற்றிலும் வல்லது எபிடூரல்: முதுகுத்தண்டின் அருகே மெல்லிய குழாய் வழியாக மருந்து செலுத்துவர், தாய் விழித்திருப்பாள், வலி அடங்கும். இதற்கும் குறைகள் உண்டு. இரத்த அழுத்தம் இறங்கலாம், கால் கனக்கலாம், சிலருக்குக் கடுந்தலைவலி வரும். இரத்தம் உறையாத நோயுள்ளோருக்கு ஆகாது. ஆனால் “ஆயுள் முழுதும் முதுகுவலி” என்று தெருவெங்கும் உலவும் வதந்தியை ஆராய்ச்சிகள் மெய்ப்பிக்கவில்லை.

இவற்றுள் ஒன்றும் வேண்டாமென்று ஒருத்தி சொல்வாளாயின், அது அவள் உரிமை. கேள்விப்படாமலே வேண்டாமென்பது உரிமையாகுமா? அவளுக்காக மாமியார் மறுப்பதும், கணவன் தலையாட்டுவதும் எந்த நியாயம்? நோவது ஒருத்தி, தீர்ப்பளிப்பது குடும்பம்!

எபிடூரலுக்குத் தேர்ந்த மயக்க மருந்து வைத்தியர் வேண்டும். அவர் எல்லா ஆஸ்பத்திரியிலும் எந்நேரமும் இருப்பதில்லை. தனியார் ஆஸ்பத்திரியிலோ பணம் வேண்டும். நள்ளிரவில் வலியெடுத்தபின் விசாரிப்பதில் பயனில்லை. கர்ப்பகாலத்திலேயே கிளினிக்கில், இங்கே என்ன கிடைக்கும், எனக்கு எது ஆகும், என்ன செலவு என்று கேட்கவேண்டும். மலாயோ ஆங்கிலமோ வாராத பெண்ணுக்குத் தமிழறிந்த தாதியைக்கொண்டு விளக்குவது வைத்தியர் கடமை.

நம் சங்கங்கள் வளைகாப்புக்கு வளையலும் மஞ்சளும் வாங்கத் தவறுவதில்லை. அன்றைக்கே ஒரு தாதியையும் அழைத்து, அரைமணி நேரம் தமிழிலே இவற்றை விளக்கச் செய்யட்டும். மாப்பிள்ளையும் வெளியே பந்தலுக்குப் போய்விடாமல் அங்கேயே உட்கார்ந்து கேட்கட்டும்.