அலமாரியில் ஒரு சீமைக் குடுவை

"சீமைச் சாராயக் குடுவைக்கும் பெண்கள் பத்திரிகைக்கும் என்ன சம்பந்தம்?" என்று என் வீட்டுக்காரர் சிரிக்கிறார். கூடலூர் வாசகி ஒருவர் எழுதிக் கேட்டிருக்கிறாரே, பதில் சொல்ல வேண்டாமா? தோட்டத்துத் துரைமார்கள் ஊர் திரும்பும்போது விற்றுவிட்டுப் போன சாமான்கள் எங்கள் மலைப்பக்கத்தில் இன்னும் எத்தனையோ வீடுகளில் இருக்கின்றன.

எங்கள் தேவாலா வீட்டிலும் ஒரு டிகான்டர் உண்டு. பட்டை தீட்டிய கண்ணாடி, காளான் மாதிரி ஒரு மூடி. "தங்க வேட்டைக் காலத்துச் சாமான். அசல் வாட்டர்ஃபோர்டு! லட்ச ரூபாய் பெறும்" என்பார் சின்ன மாமனார். 1880 வாக்கில் இங்கே தங்கம் குவியப் போகிறது என்று லண்டனில் கம்பெனி கம்பெனியாகத் தொடங்கி, தேவாலாவிலும் பந்தலூரிலும் பாறையைக் குடைந்தார்கள். சில வருஷங்களிலேயே நொடித்துப் போனார்கள். ஆனால் அயர்லாந்தின் வாட்டர்ஃபோர்டு தொழிற்சாலையோ 1851-லேயே மூடப்பட்டு, 1947-ல்தான் மறுபடி உயிர் பெற்றது. தங்கம் தேடி வந்த துரை அதைப் புதுசாக வாங்கியிருக்கவே முடியாது. இதைச் சொன்னதற்கு மாமா ரெண்டு நாள் என்னோடு பேசவில்லை!

சரி, எப்படித்தான் பார்ப்பது? முதலில் அடிப்பாகத்தைத் திருப்புங்கள். வாயால் ஊதிச் செய்த கண்ணாடியை இரும்புக் கம்பியிலிருந்து உடைத்து எடுத்த தழும்பு நடுவில் இருக்கும். உயர்ந்த சாமானில் அதைத் தேய்த்து, வழவழவென்று ஒரு குழியாக்கியிருப்பார்கள். பக்கவாட்டில் மேலிருந்து கீழே கோடு ஓடினால் அது அச்சில் வார்த்தது. பட்டையின் விளிம்பைத் தடவிப் பாருங்கள். கையால் வெட்டியது விரலில் கூர்மையாகத் தட்டும், அச்சுச் சாமான் மழுங்கலாக இருக்கும். வருஷக்கணக்கில் மேஜையில் இழுபட்ட கீறல்கள் கன்னாபின்னாவென்று கிடக்கும். எல்லாம் ஒரே திசையில் ஓடினால் யாரோ உப்புத்தாள் போட்டிருக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம்.

மூடியை மறந்துவிடாதீர்கள். அந்தக் காலத்தில் ஒவ்வொரு மூடியையும் அதனதன் கழுத்துக்குப் பொருந்தத் தேய்த்து, இரண்டிலும் ஒரே எண்ணைக் கீறி வைப்பது உண்டு. பூதக்கண்ணாடி வைத்துத் தேடினேன். எங்கள் குடுவையின் கழுத்தில் 7, மூடியிலும் 7! கம்பெனிப் பெயர் எங்கும் இல்லை. 'இங்கிலாந்து' என்றும் இல்லை. அப்படி நாட்டின் பெயரைப் போடச் சொன்னது 1891-ல் அமலுக்கு வந்த அமெரிக்கச் சட்டம். இந்தியாவுக்கு வந்த சாமானில் அது இல்லாததை வைத்து வயசு சொல்ல முடியாது. பழைய ஆங்கிலேயக் கைவேலை மாதிரி தெரிகிறது, அவ்வளவுதான் என் தீர்ப்பு.

கனத்தைப் பார்த்தபோதுதான் எனக்குத் திக்கென்றது. வழக்கத்துக்கு மீறிய கனம்; மூடியை எடுத்துவிட்டு விளிம்பைச் சுண்டினால் மணி மாதிரி நீளமான நாதம். ஈயம் கலந்த கண்ணாடியின் அடையாளம் அது. மாமியாரோ அதில்தான் எலுமிச்சை சர்பத்தை வாரக்கணக்கில் ஊற்றி வைப்பார், அதுவும் மசக்கையில் இருந்த என் மகளுக்காக!

1991-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஒரு ஆராய்ச்சியில், இப்படிப்பட்ட குடுவைகளில் போர்ட் ஒயினை நாலு மாதம் வைத்துப் பார்த்தார்கள். லிட்டருக்கு 89 மைக்ரோகிராமாக இருந்த ஈயம் 2000-த்தைத் தாண்டியது, ஒரு குடுவையில் 5000-த்துக்கும் மேல். புளிப்பு ஈயத்தை இழுக்கும். கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் அது ஆகவே ஆகாது. ஊறுகாய், வினிகர், சர்பத் எதையும் இதில் வைக்கவே வைக்காதீர்கள். டாக்டரிடம் சொல்லி மகளுக்கு ரத்தப் பரிசோதனை செய்தோம். நல்லவேளை, பயப்படும்படி ஒன்றுமில்லை.

"அம்பது வருஷமா நான் குடிக்கலையா?" என்று மாமியார் முணுமுணுத்தார். ஆனாலும் மறுநாளே சர்பத் சாதாரண பாட்டிலுக்கு மாறிவிட்டது.

கூடலூர் சகோதரிக்கு: உங்கள் குடுவையின் அடியில் 'பாக்காரா' என்று பொறித்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த பிரெஞ்சு நிறுவனம் தன் சாமான்கள் எல்லாவற்றிலும் பெயர் பொறிப்பதை 1936-ல்தான் வழக்கமாக்கியது. தாத்தா 1920-ல் வாங்கினார் என்பதை வீட்டுப் பெரியவர்களிடம் இன்னொரு தடவை விசாரித்துப் பாருங்களேன்.