கடனுக்குக் கொடையென்று பெயரா?

ஒரு பொருளுக்கு உரிய பெயரை இடாமல் வேறு பெயரை இடுவது வெறுஞ் சொற்பிழையன்று. பல வேளைகளில் அஃது ஏமாற்றின் முதற்படி. நச்சுக் குப்பியின்மேல் தேன் என்றெழுதி ஒட்டுபவன் எழுத்துப்பிழை செய்தான் என்று எவரும் கூறார். உலகின் பெருஞ்செல்வ நாடுகளுள் ஒன்றாகிய அமெரிக்காவில், கல்வித்துறையில் அத்தகைய பெயர்மாற்றம் ஒன்று அரை நூற்றாண்டாக நடந்து வருகின்றது. அங்கே ஏழை மாணவன் தலையில் ஏற்றப்படும் கடனுக்கு 'உதவி' என்று பெயர்!

தமிழில் இவ்விரண்டும் என்றும் ஒன்றாயிருந்ததில்லை. திரும்பப் பெறும் எண்ணமின்றி இல்லார்க்குத் தருவது ஈகை. அளவு குறித்துக் கொடுத்து அவ்வளவே மீளப் பெறுவது குறியெதிர்ப்பை. திருவள்ளுவர் ஈகை அதிகாரத்தின் முதற்குறளிலேயே இவ்விரண்டையும் பிரித்துக் காட்டிவிட்டார். 'ஈ' என்பதும், 'தா' என்பதும், 'கொடு' என்பதும் கேட்பவனின் நிலைக்கேற்ப வேறுபட்ட சொற்கள் என்று தொல்காப்பியம் வரையறுக்கின்றது. கேட்குஞ் சொல்லையே மூன்றாகப் பகுத்தறிந்த மொழியில் கொடையும் கடனும் மயங்க இடமில்லை. ஆங்கிலத்திலும் இரண்டிற்கும் தனித்தனிச் சொற்கள் உள்ளன. இருந்தும் அவை வேண்டுமென்றே குழப்பப்பட்டன.

தொடக்கம் நன்றாகவே இருந்தது. 1965 நவம்பர் 8 ஆம் நாள், அமெரிக்கக் குடியரசுத் தலைவர் இலிண்டன் சான்சன், தாம் முன்பு பயின்ற தெக்சாசு மாநிலக் கல்லூரிக்கே சென்று உயர்கல்விச் சட்டத்தில் கையெழுத்திட்டார். உழைத்தும் கடன்பட்டும் படித்து, ஏழைக் குழந்தைகளின் பள்ளியில் ஆசிரியராகவும் இருந்தவர் அவர். பணமின்மையால் எந்த இளைஞனும் கல்லூரி வாயிலிலிருந்து திரும்பிச் செல்லலாகாது என்பதே அச்சட்டத்தின் நோக்கம். 1972 இல் ஏழை மாணவர்க்கு நேரடியாக வழங்கும் நல்கை ஒன்று ஏற்பட்டது. அதற்காகப் பாடுபட்ட மேலவை உறுப்பினர் கிளைபோர்ன் பெல் என்பவரின் பெயரால் 1980 முதல் அது 'பெல் நல்கை' எனப்படுகின்றது. இது திருப்பித் தர வேண்டாத பணம்; உண்மையான கொடை.

1970-களின் நடுவில், அந்நல்கையின் உச்சத்தொகை அரசுக் கல்லூரியில் நான்காண்டுப் படிப்புப் படிக்கும் மாணவனின் ஓராண்டுச் செலவில் முக்காற் பங்கைத் தாங்கியது. 2025–26 கல்வியாண்டில் அவ்வுச்சத்தொகை 7,395 டாலர். கல்லூரிச் செலவோ பன்மடங்கு வளர்ந்துவிட்டதால், இத்தொகை இன்று ஏறத்தாழ மூன்றிலொரு பங்கிற்கே போதுகின்றது. கொடை சுருங்கிய இடத்தைக் கடன் வந்து நிரப்பியது. ஆனால், பெயர் மட்டும் மாறவில்லை. கொடைக்குச் சூட்டிய 'உதவி' என்னும் பெயரையே கடனும் சூடிக்கொண்டது.

அவ்வுதவியின் உறுப்புகளைத் தனித்தனியே அறிந்தாலன்றி உண்மை விளங்காது. முதலாவது, நல்கை, அரசோ கல்லூரியோ தருவது, திருப்ப வேண்டாதது. இரண்டாவது, படித்துக்கொண்டே வேலை செய்து பெறும் கூலி. இது மாணவன் தன் வியர்வையால் ஈட்டுவதேயன்றி எவரும் தந்ததன்று. மூன்றாவது, படிக்குங்காலத்து வட்டியை அரசே தாங்கும் கடன். நான்காவது, பணம் கைக்கு வந்த நாளிலிருந்தே வட்டி ஏறும் கடன். பெற்றோரைச் சார்ந்திருக்கும் முதலாண்டு மாணவன் கூட்டரசிடம் பெறக்கூடிய கடன் 5,500 டாலர்; அதில் வட்டிச் சலுகை உள்ளது 3,500 டாலர் வரையே. ஐந்தாவது, பெற்றோர் தம் பெயரில் வாங்கும் கடன். கொடுக்கும்போதே நூற்றுக்கு நான்கிற்கு மேல் கட்டணமாகப் பிடித்துக்கொள்ளப்படும் கடன் இது. நெடுங்காலம் இதற்குக் கல்லூரிச் செலவைத் தவிர வேறு வரம்பில்லை. 2025 இல் இயற்றப்பட்ட சட்டமே, 2026 சூலை முதல், பிள்ளையொருவர்க்கு ஆண்டுக்கு 20,000 டாலர் என்றும் மொத்தம் 65,000 டாலர் என்றும் எல்லை வகுத்தது.

இனி, கல்லூரி விடுக்கும் மடலைப் பார்ப்போம். அதற்குப் 'பரிசு மடல்' என்று பொருள்படும் பெயரே வழங்குகின்றது. ஓராண்டுச் செலவு 30,000 டாலர் என்று வைத்துக்கொள்வோம். பெல் நல்கையும் கல்லூரி நல்கையும் சேர்ந்து 14,000, வட்டிச் சலுகைக் கடன் 3,500, சலுகையில்லாக் கடன் 2,000, வேலைக்கூலி 2,500, பெற்றோர் கடன் 8,000. இவற்றைக் கூட்டி, 'மொத்த உதவி 30,000. நீங்கள் செலுத்த வேண்டியது ஏதுமில்லை' என்று முடிகின்றது மடல். தந்தை கண்கலங்குகிறார், தாய் அண்டை வீட்டார்க்கெல்லாம் சொல்லி மகிழ்கிறாள். உண்மைக் கணக்கோ வேறு. கொடை 14,000 மட்டுமே. மீதி 16,000 டாலரும் அக்குடும்பத்தின் சுமை. அதில் 13,500 கடன். இதே அளவில் நான்காண்டு சென்றால் வட்டியின்றியே 54,000 டாலர் கடன்! 'ஏதுமில்லை' என்ற சொல்லின் பொருள் இதுதான்.

இது மிகைப்படுத்திய கற்பனையன்று. 2018 இல் அந்நாட்டு ஆய்வு அமைப்புகள் இரண்டு, நூற்றுக்கணக்கான கல்லூரிகளின் மடல்களை ஒப்பிட்டு ஆராய்ந்தன. சலுகையில்லாக் கடன் ஒன்றற்கே 136 வகையான பெயர்கள் வழங்கக் கண்டன; அவற்றுள் 24 பெயர்களில் 'கடன்' என்ற சொல்லே இல்லை! 2022 இல் அந்நாட்டு அரசின் தணிக்கையமைப்பு வெளியிட்ட அறிக்கையும், குடும்பம் உண்மையில் செலுத்த வேண்டிய தொகையைச் சொல்லாமலோ குறைத்துக் காட்டியோ மடல் விடுக்கும் கல்லூரிகள் 91 விழுக்காடு என்று மதிப்பிட்டது. பத்துக்கு ஒன்பது கல்லூரிகள்! அறிவு புகட்டும் நிலையங்களே இவ்வாறு செய்தால் வட்டிக்கடைக்காரனைக் குறைகூற யார்க்கு வாயுண்டு?

விளைவு என்ன? நான்கு கோடிக்கு மேற்பட்ட மக்கள் 1,60,000 கோடி டாலருக்கு மேல் கல்விக் கடன் சுமந்து நிற்கின்றனர். வணிகத்தில் நொடித்தவன் நயன்மன்றம் சென்று கடனிலிருந்து விடுபடலாம். படித்து நொடித்தவனுக்கு அவ்வழி எளிதன்று. 1976 முதல் அவ்வழி குறுக்கப்பட்டது. 1998 இல் ஏறத்தாழ அடைக்கப்பட்டது. தாங்கொணாத் துன்பத்தை மன்றத்தில் மெய்ப்பித்தாலொழிய அவனுக்கு விடுதலையில்லை. ஒருவர்க்கு 10,000 டாலரும், பெல் நல்கை பெற்றவராயின் 20,000 டாலர் வரையும் தள்ளுபடி செய்ய அரசு முனைந்தபோது, 2023 சூனில் உச்சநயன்மன்றம் அதற்கு அதிகாரமில்லையெனத் தடுத்துவிட்டது.

கடல்கடந்த நாட்டுச் செய்தி தமிழர்க்கு எதற்கு என்பார் உளர். அங்குப் படிக்கச் செல்லும் பிள்ளைகளில் தமிழ்ப்பிள்ளைகளும் பலர். அயல்நாட்டு மாணவர்க்கு அக்கூட்டரசின் நல்கையும் இல்லை, கடனும் இல்லை. கல்லூரி தன் கட்டணத்தில் சிறிது குறைத்து அதற்கு 'உதவித்தொகை' என்று பெயரிடும். எஞ்சியதற்கு இங்குள்ள வைப்பகத்தில் வீட்டையோ நிலத்தையோ ஈடு வைக்க வேண்டும். தள்ளுபடி ஆயிரத்தைக் கண்டு மகிழ்ந்தவர் கடன் இலக்கங்களை மறந்துவிடுகின்றனர்.

இங்கே படிப்போர்க்கும் இச்செய்தி உரியதே. இந்திய வைப்பகங்கள் 2001 முதல் பொதுத்திட்டம் ஒன்றன்படி தருவதற்குக் 'கல்விக் கடன்' என்றே பெயர். அந்த அளவில் அப்பெயர் நேர்மையானது. ஆனால், படிப்புக் காலமும் மேலும் ஓராண்டும் தவணை கட்ட வேண்டாம் என்பதைக் கேட்டு, வட்டியும் இல்லையென்று எண்ணுவோர் பலர். தவணைதான் உறங்குகின்றது, வட்டி உறங்குவதில்லை. அது பின்னர் முதலோடு சேர்ந்து தவணையைப் பெருக்கும். ஆண்டு வருவாய் 4.5 இலக்கம் உருபாவிற்கு மேற்படாத குடும்பத்துப் பிள்ளைகள் இந்நாட்டில் தொழிற்கல்வி பயின்றால், அக்காலத்து வட்டியை நடுவணரசு ஏற்கும் திட்டமொன்று 2009 இல் வந்தது. அதனை அறியாது வட்டி சுமந்தோரும் உண்டு. முதல் தலைமுறைப் பட்டதாரிக்குத் தமிழக அரசு 2010 இல் அறிவித்த கட்டணச் சலுகையும், அரசுப்பள்ளியிற் பயின்று உயர்கல்வி செல்லும் பெண்டிர்க்கு 2022 முதல் திங்கள்தோறும் வழங்கும் 1,000 உருபாவும் கடனல்ல, திருப்ப வேண்டாதவை. இவற்றை முதலில் முழுமையாகப் பெற்று, எஞ்சியதற்கே கடனை நாடுவது அறிவுடைமை.

எனவே, 'உதவி' என்ற பெயரோடு எந்தத் தாள் வந்தாலும் பெற்றோர் நான்கு வினாக்களை எழுப்ப வேண்டும். இதைத் திருப்பித் தர வேண்டுமா? வட்டி எந்நாள் தொடங்குகின்றது? யார் பெயரில், எந்த ஈட்டின்மேல் கையெழுத்து? முதலாண்டு தரும் நல்கை இறுதியாண்டு வரை தொடருமா? இந்நான்கிற்கும் எழுத்தில் விடை பெறாமல் எழுதுகோலைத் தொடலாகாது. உள்ளூர்த் தமிழாசிரியர்களும் படித்த இளைஞர்களும் இத்தாள்களைப் பெற்றோர்க்குத் தமிழில் படித்துக் காட்டுவது பெருந்தொண்டாகும்.

கடன் என்னும் தமிழ்ச்சொல்லுக்குக் கடமை என்பதும் பொருள். பிள்ளையைச் சான்றோனாக்குவதைத் தந்தையின் கடனாகக் கூறும் புறநானூற்றுப் பாடல், வேந்தனின் கடனாகக் கூறுவதோ நல்குதலை. நல்குவது அரசின் கடன், அதுவே முறை. நல்க வேண்டிய அரசு கைவிரிக்க, அதன் கடன் கற்க வந்த பிள்ளையின் கடனாக மாறிவிட்டது. அம்மாற்றத்திற்கு 'உதவி' என்று திரையிடுவதே பெருங்கேடு. கடனைக் கடனென்று கூறுக. கொடையைக் கொடையென்று கூறுக. பெயர் தெளிந்தால் கணக்குத் தெளியும்; கணக்குத் தெளிந்தால், எவர் தம் கடன் தவறினார் என்பதும் தெளிந்துவிடும்!