ஓடட்டும் நம் பெண்கள்! வீட்டருகே கோ-கோ பயிற்சி

பெண் குழந்தைக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று வயது ஆனதும் நம் வீடுகளில் முதலில் நின்றுபோவது எது தெரியுமா, சகோதரிகளே? படிப்பு இல்லை, பாட்டு கிளாஸும் இல்லை. ஓட்டமும் விளையாட்டும்தான்! அதுவரை தெருவெல்லாம் ஓடிய பெண் திடீரென்று ஜன்னலோரம் உட்கார்ந்து விடுகிறாள்.

உடம்புக்கு ஓட்டம் மிகவும் தேவைப்படுகிற வயதும் அதுவேதான். எலும்பு வலுவாகிற பருவம் அது. ஓடுவதும் குதிப்பதும் எலும்புக்கு உரம். 5 முதல் 17 வயது வரை உள்ள பிள்ளைகள் தினம் சராசரி 60 நிமிஷமாவது உடம்பு வேர்க்க ஓடியாட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. பள்ளிக்கூடத்து பி.டி. பீரியடை மட்டும் நம்பினால் இது நடக்குமா?

அதற்குத்தான் கோ-கோ. பந்து வேண்டாம், மட்டை வேண்டாம், காலணாச் செலவில்லை. நம்மில் பலர் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பள்ளியில் ஆடியதுதானே! 2025 ஜனவரியில் புது டெல்லியில் நடந்த முதல் கோ-கோ உலகக் கோப்பையை நம் நாட்டுப் பெண்கள்தான் ஜெயித்தார்கள். இறுதி ஆட்டத்தில் நேபாளத்தை 78-40 என்று வென்றார்கள்.

மறந்துபோனவர்களுக்கு ஆட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லி விடுகிறேன். துரத்தும் அணியில் எட்டுப் பேர் வரிசையாகக் குந்தி உட்கார்ந்திருப்பார்கள். ஒருத்தி இந்தப் பக்கம் பார்த்து, அடுத்தவள் அந்தப் பக்கம் பார்த்து. ஒன்பதாவது பெண்தான் துரத்துவாள். ஓடுகிறவள் வரிசைக்குள் புகுந்து இரண்டு பக்கமும் போகலாம். துரத்துகிறவள் வரிசையைத் தாண்டக் கூடாது, பாதியில் திரும்பவும் கூடாது. ஆகவே எதிரி அந்தப் பக்கம் தாவினால், தனக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருப்பவளைத் தொட்டு "கோ!" சொல்லி, அவள் இடத்தில் இவள் உட்கார வேண்டும். சூட்சுமமே இங்கேதான். வேகமாக ஓடுகிறவளைவிட, சட்டென்று எழுந்திருக்கிறவள்தான் ஆட்டத்தை ஜெயிப்பாள்.

ஐந்தாறு பிள்ளைகள் சேர்ந்தால் போதும். கல், கண்ணாடித் துண்டு இல்லாத மண் தரையாகப் பாருங்கள். ஐந்து நிமிஷம் மெதுவாக ஓடவிட்டு, கணுக்காலையும் முழங்காலையும் சுழற்றச் சொல்லிவிட்டு ஆரம்பியுங்கள்.

எழும் பயிற்சி: எல்லோரும் குந்தி உட்காரட்டும். சப்பென்று உட்காராமல், ஒரு கால் சற்று முன்னே, எடை முன்பாதத்திலே, விரல்கள் தரையில் ஊன்றி இருக்க வேண்டும். நீங்கள் பின்னால் நின்று "கோ!" என்றதும் எழுந்து பத்தடி ஓட வேண்டும். நடுநடுவே "போ", "வா" என்றும் சொல்லுங்கள். அதற்கு எழுந்தவள் அவுட்! சிரிப்போடு சிரிப்பாகக் காது கூர்மையாகிவிடும். எட்டுத் தடவை, பிறகு ஓய்வு, மறுபடி எட்டு.

கோ கொடுக்கும் பயிற்சி: ஐந்தடிக்கு ஒருவராக, மாறி மாறி முகம் திருப்பி உட்கார வையுங்கள். ஒருத்தி ஓடிவந்து முதுகைத் தொட்டு, கூடவே உரக்க "கோ" சொல்ல வேண்டும். தள்ளவும் கூடாது, தொடாமல் வெறும் வாயால் சொல்லவும் கூடாது. எழுந்தவள் தான் பார்த்திருந்த பக்கமே ஓடி, அங்கே முதுகு காட்டுகிறவளைத் தொடுவாள். ஒன்று முதல் இருபது வரை எண்ணுவதற்குள் எத்தனை 'கோ' என்று கணக்கு வையுங்கள்.

பாம்பு ஓட்டம்: உட்கார்ந்திருப்பவர்களுக்கு நடுவே வளைந்து வளைந்து ஓடுவது. முதலில் தனியாக, பிறகு பின்னால் ஒருத்தி துரத்த.

கம்பம் திரும்புதல்: துரத்துகிறவள் கம்பத்தைத் தொட்ட பிறகுதான் திசை மாற்றலாம். துணி காயப்போடும் கம்பமே போதும். கொடிக் கயிற்றை மட்டும் முதலில் கழற்றி விடுங்கள், கழுத்தில் மாட்டிக்கொள்ளும்! ஒரு கையால் கம்பத்தைப் பிடித்து, முதலில் நடந்து பழகி, பிறகு ஓடட்டும். தாவி விழுந்து தொடுகிற 'டைவ்' வேலையெல்லாம் கெட்டித் தரையில் கூடவே கூடாது.

எங்கள் தெருவில் ஒரு விதி உண்டு. எல்லோருக்கும் ஒரு 'கோ' கிடைத்த பிறகுதான் யாருக்கும் இரண்டாவது 'கோ'. குண்டாக இருக்கிறாள், மெதுவாக ஓடுகிறாள் என்று ஒரு குழந்தையையும் ஓரத்தில் உட்கார வைக்காதீர்கள். எழும் பயிற்சியில் அவளே முதலாக வந்தாலும் வருவாள்.

வெயில் தாழ்ந்து ஐந்து மணிக்கு மேல் அரை மணி நேரம் போதும். வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு ஓடக் கூடாது. பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் ரெண்டு மடக்குத் தண்ணீர் கொடுங்கள். ஆட்டம் முடிந்ததும் வறுத்த வேர்க்கடலையும் வெல்லமும், அல்லது ஒரு வாழைப்பழம். துப்பட்டா, கண்ணாடி வளையல் வேண்டாம்; பின்னலை மடித்துக் கட்டிவிடுங்கள்.

மாதவிலக்கு நாட்களில் ஓடலாமா என்று கேட்பீர்கள். வலியும் சோர்வும் இல்லையென்றால் தாராளமாக ஓடலாம். வலி இருந்தால் அன்று ஓய்வு. மாதாமாதம் தாங்க முடியாத வலியோ, அதிகப் போக்கோ இருந்தால் டாக்டரிடம் காட்டுவதுதான் முறை. விளையாட்டை நிறுத்துவது வைத்தியமாகாது.

"ஏங்க்கா, பெரிய மனுஷியான பொண்ணைப் போய் இப்படி ஓட விடறீங்களே, நாலு பேர் என்ன சொல்லுவாங்க?" என்று அடுத்த வீட்டுப் பெண் என்னிடம் கேட்டாள். "அந்த நாலு பேரையும் கூட்டிட்டு வா தங்கச்சி, 'கோ' எண்ணிச் சொல்ல ஆள் வேணும்!" என்றேன். இப்போது அவள் மகளும் வரிசையில் உட்காருகிறாள், எண்ணுவது அவள்தான்!

வருகிற சனிக்கிழமையே ஆரம்பித்துப் பாருங்கள். அம்மா பக்கத்தில் நிற்கிறாள் என்றால் பெண்ணுக்கும் கூச்சம் இருக்காது, வீட்டுப் பெரியவர்களுக்கும் பயம் இருக்காது. உங்கள் தெருவில் எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்று மறக்காமல் எனக்கு எழுதுங்கள்.