கத்திப்பாராவுக்கு முன்னால்

பெரம்பலூரிலிருந்து சென்னைக்கு முதன்முறை தனியாகக் கார் ஓட்டி வந்த அக்காவுக்கு அசோக் நகரில் ஓட்டல் அறை. பெருங்களத்தூரிலிருந்து போன்: "தம்பி, நாலு பக்கமும் ஹாரன் அடிக்கிறாங்கடா, கை நடுங்குது." 'மேப் போட்டுட்டு வாங்க' என்று போனை வைத்துவிடுவதுதான் நம் வழக்கம். அதை உதவி என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். 2008-இல் திறந்த கத்திப்பாரா மேம்பாலத்தில் சாலைகள் வளைந்து வளைந்து பிரிகின்றன. மேப் குரல் 'இடப்பக்கம்' என்று சொல்லி முடிப்பதற்குள் புதியவர் பாலத்தில் ஏறியிருப்பார். அதனால் அக்காவை முதலில் ஒரு பெட்ரோல் பங்கில் ஓரங்கட்டி, தண்ணீர் குடிக்கச் சொன்னேன். பிறகு மூன்றே அடையாளம் கொடுத்தேன்: தாம்பரம், குரோம்பேட்டை தாண்டி நேராக வாங்க; இடப்பக்கம் பரங்கிமலை தெரிஞ்சா இடது லேனைப் பிடிங்க; கத்திப்பாராவில் பாலம் ஏறாமல் இடது கையாகவே வடபழனி ரோட்டுக்குத் திரும்புங்க. "தவறிட்டா?" என்றார். "கிண்டியில ஓரமா நிறுத்திட்டு கூப்பிடுங்க, நான் வர்றேன்" என்றேன். பயப்படுபவருக்கு வழியைவிட இந்த ஒரு வாக்குத்தான் பெரிய துணை என்று நம்புகிறேன். ஊருக்குள் வருபவரைக் கூப்பிடும் நாமே நேரத்தையும் பார்த்துச் சொல்ல வேண்டும். ஞாயிறு மாலை, தாம்பரம் வழியாக வரும் இந்த ஜி.எஸ்.டி. சாலையில் யாரையும் வரச் சொல்லக் கூடாது. ஓட்டல் வாசலில் அக்கா இறங்கியபோது ஸ்டியரிங் உறை வியர்வையில் நனைந்திருந்தது. சாவியை என்னிடம் கொடுத்தார். அடுத்த மூன்று நாளும் அசோக் நகர் நிலையத்திலிருந்து மெட்ரோவில்தான் போய்வந்தார்.